இரண்டு இடக்கால் சப்பாத்துகள்

உங்களிலை ஆறு பேர் இந்தக் கிழமை புது வீடுகளுக்கு வேலைக்குப் போறியள் எண்டு சொன்னவை. வயசுபோன ஆக்களைத் தூக்குறது, குளிக்க வாக்கிறது, நப்பி மாத்துறது, மருந்துப் பெட்டி நிரப்புறது, உதெல்லாம் முதற் கிழமையே கை பழகிடும். அதுக்கு நான் தேவையில்லை. முதுகு முறிஞ்சு வீட்டிலை கிடக்கிற என்னைக் கூப்பிட்டு இந்த மூண்டு மாடிப் படியும் ஏற வைச்சிருக்கிறியள். அதாலை நான் விட்ட பிழையளைச் சொல்லுறன். நல்லாச் செய்ததெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. பிழை விட்டதுதான் நாள், கிழமையோடை ஞாபகம் இருக்கு.

இத்தாலிக்கு வந்து இந்தப் பலெர்மோவிலை பன்ரண்டு வருசம், ஏழு வீடு. இண்டைக்கு ஒரு வீட்டைப் பற்றித்தான் கதைக்கப் போறன். ஒரு அமெரிக்கன்ரை வீடு. வியா மக்வேதாப் பெருந்தெருவிலையிருந்து உள்ளுக்கை திரும்பிற ஒரு ஒழுங்கை. பேர் கேக்காதேங்கோ, சொல்ல மாட்டன். நான் அவரைச் சிஞ்ஞோரே, ஐயா, எண்டுதான் கூப்பிட்டனான். இருபது வயசிலை வியட்நாம் சண்டைக்குப் போனவர். சண்டை முடிஞ்சும் தன்ரை ஊருக்குப் போய் இருக்க மனமில்லாமல் அங்கை இங்கை சுத்தி, கடைசியிலை இஞ்சை ஒரு பலெர்மோக்காரியைக் கட்டி, பள்ளிக்கூடத்திலை இங்கிலீசு படிப்பிச்சவர். மனுசி செத்தாப்பிறகு தனிய. ஒரேயொரு மகள், அவ வடக்கிலை தொரினோவிலை. எனக்கு வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சது மகள்தான். இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

முதல் பிழை முதல் மாசமே விட்டிட்டன். மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கதிரையிலை நித்திரை. நாலு மணி மருந்துக்கு எழுப்ப வேணும். நாங்கள் என்ன செய்வம்? கிட்டப்போய்த் தோளிலை மெல்லத் தட்டுவம். தட்டினன். அவ்வளவுதான். அடுத்த நிமிசம் நான் நிலத்திலை மல்லாக்கக் கிடக்கிறன், என்ரை கை முதுகுக்குக் கீழை முறுகிக் கிடக்குது, அந்தக் கிழவன்ரை முழங்கால் என்ரை நெஞ்சிலை. எழுபத்தைஞ்சு வயசு மனுசன்! காலமை தானாச் சப்பாத்து நூல் கட்ட ஏலாத ஆள்! கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண் என்னைப் பாக்கேல்லை. ஐயோ விடுங்கோ, ஐயோ விடுங்கோ எண்டு தமிழிலை கத்தினன். இத்தாலி மொழி ஒரு சொல்லு வாயிலை வரேல்லை.

கொஞ்ச நேரத்தாலை அவருக்குச் சுய நினைவு வந்திட்டுது. என்னைப் பாத்தார், தன்ரை முழங்காலைப் பாத்தார். அப்பிடியே ஊர்ந்து பின்னாலை போய்ச் சுவரோடை சாய்ஞ்சு இருந்து குழந்தை மாதிரி அழத் தொடங்கிட்டார். ஆமி எண்ட சொல்லைக் கேட்டாலே எல்லாரும் ஓடி ஒளிக்கிற இடத்திலையிருந்து வந்தவள் நான். வன்னியிலை பதுங்கு குழியுக்கை கிடந்த மனுசி. கடல் தாண்டி வந்தும் ஒரு ஆமிக்காரன்ரை காலடியிலையோ கிடக்க வேணும் எண்டு என்ரை தலைவிதியை நானே திட்டினன்.

அண்டைக்கே அந்த வேலையை விட்டிருப்பன். விடாததுக்குக் காரணம் அவர் பிறகு சொன்ன ஒரு கதை. “நான் ஆரையும் சுடேல்லை,” எண்டார். “செத்தவையைப் பொறுக்கினனான்.”

எனக்கு விளங்கேல்லை. அவர் ஆறுதலா விளங்கப்படுத்தினார். அவையின்ரை ராணுவத்திலை அதுக்கெண்டு தனியா ஆக்கள் இருக்கினமாம். சண்டை நடந்த இடத்துக்குப் பின்னாலை போய், செத்த பெடியளை எடுத்து, கழுத்திலை கிடக்கிற தகட்டிலை பேரைப் பாத்து, பையிலை போட்டு, பேர் எழுதி, தாய் தேப்பனிட்டை அனுப்பிற வேலை. கையும் காலும் மட்டும் கிடைச்சாலும் அது ஆற்றை எண்டு கண்டுபிடிக்கப் பாப்பினமாம்.

பிள்ளையள், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன். செத்தவனைத் தேடி எடுத்து, பேர் எழுதி, அம்மாவிட்டை அனுப்ப ஒரு நாடு ஆள் வைச்சிருக்குமோ? எங்கடை கடைசிச் சண்டையிலை ஆர் ஆரை எடுத்தது? கால் வைக்க இடமில்லாமல் கிடந்ததுகளைத் தாண்டித் தாண்டித்தானே நாங்கள் நடந்து வந்தது. அந்த நிமிசத்திலையிருந்து அந்த மனுசன் எனக்குக் கோயில் ஐயர் மாதிரி ஆகிட்டார். அவருக்கு நான் போட்ட தேத்தண்ணியே வேறை. நீங்கள் சிரிக்கிறியள். உண்மையாத்தான் சொல்லுறன்.

எழுப்பிற விசயத்துக்கு நான் கண்டுபிடிச்ச வழி இதுதான். கையாலை தொடாதேங்கோ. வாசல்லை நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. போற வீட்டிலை என்ன வருத்தம் எண்டு மட்டும் கேளாமல், என்ன வேலை செய்தவர் எண்டும் கேளுங்கோ. மகள் எனக்கு அவற்றை சீனி வருத்தம், பிரசர் எல்லாம் எழுதித் தந்தவ. சண்டைக்குப் போனவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

இனி ரெண்டாவது பிழை. உதை வேறை ஆரும் விட்டிருக்க மாட்டினம், நாங்கள் தமிழாக்கள்தான் விடுவம்.

அவற்றை அறையிலை ஒரு படம் இருந்தது. ஆமி உடுப்புப் போட்ட வடிவான பெடியன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும். பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிண்டவன். ஆரெண்டு ஒரு நாள் கேட்டதுக்கு, “என்ரை கூட்டாளிகளிலை ஒருத்தன்ரை கூட்டாளி” எண்டு சொல்லிப்போட்டு வேறை கதைக்கு மாறிட்டார். முதல் வருசம் கார்த்திகை மாசத் தொடக்கத்திலை ஒரு நாள், அவர் காலமை சாப்பிடேல்லை, மத்தியானமும் சாப்பிடேல்லை. முகம் வழிச்சு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அந்தப் படத்துக்கு முன்னாலை மேசையிலை இருந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். பின்னேரந்தான் ஒரு வாய் சூப் குடிச்சார். அடுத்த வருசமும் அதே தேதி, அதே மாதிரி.

செத்துப்போன பெடியன், வருசத்திலை ஒரு நாள், விரதம், வெள்ளை உடுப்பு. நீங்கள் எண்டால் என்ன நினைப்பியள்? ஆ, நீயே சொல்லு பிள்ளை. திவசம்! நானும் அதைத்தான் நினைச்சனான்.

மூண்டாம் வருசம் அந்த நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. அந்தக் கிழமை வியாழக்கிழமை அவருக்குத் தொண்டையிலை ஒப்பரேசன். புற்றுநோய். குரல் வாற இடத்தையே எடுக்கப் போகினம், அதுக்குப் பிறகு அவர் வாய் திறந்து கதைக்க மாட்டார் எண்டு டொக்டர் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். மனுசன் அதைக் கேட்டதிலையிருந்து பேயறைஞ்ச மாதிரி. எனக்கு மனம் பொறுக்கேல்லை. அந்தச் செத்த பெடியன்ரை ஆத்மாவைத் திருப்திப்படுத்தினால் ஒப்பரேசன் நல்லபடி முடியும் எண்டு நினைச்சன். நல்ல எண்ணத்தோடைதான் நினைச்சன், அதிலை எனக்குச் சந்தேகமில்லை.

பல்லரோச் சந்தையிலை எங்கடை ஆக்களின்ரை கடையிலை வாழையிலை வாங்கினன். அந்த மாசம் சந்தை முழுக்கச் செவ்வந்திப் பூ. மலிவா ரெண்டு கட்டு வாங்கி மாலை கட்டினன். அவர் காலமை டொக்டரிட்டைப் போன நேரம், அண்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காரிலை கூட்டிக்கொண்டு போனவர், நான் குளிச்சு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம் எல்லாம் சமைச்சு அந்தப் படத்துக்கு முன்னாலை படையல் வைச்சன். படத்துக் கண்ணாடியிலை சந்தனம், குங்குமம். கழுத்துக்குச் செவ்வந்தி மாலை. நல்லெண்ணை விளக்கு ஒண்டு. சாம்பிராணி.

அவர் உள்ளுக்கை வந்தார். படத்தைப் பாத்தார்.

அந்தச் சத்தத்தை நான் எப்பிடிச் சொல்லுறது? புற்றுநோய் வந்த தொண்டையாலை அப்பிடி ஒரு சத்தம் வரும் எண்டு நான் நினைச்சும் பாக்கேல்லை. கைத்தடியாலை ஒரு வீச்சு. இலை, சோறு, விளக்கு எல்லாம் பறந்துது. படம் விழுந்து கண்ணாடி நொருங்கிச்சுது. “ஆர் சொன்னது இவன் செத்திட்டான் எண்டு?” எண்டு கத்துறார். “உனக்கு ஆர் சொன்னது? இண்டைக்கு அவன்ரை பிறந்தநாள்!”

பிறந்தநாளுக்குப் படையல் வைச்சிருக்கிறன். இந்த ஊரிலை செவ்வந்தி செத்த ஆக்களுக்கு மட்டுந்தான் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் வாங்கினனான். குனிஞ்சு மாலையை எடுத்துக்கொண்டு, “அப்ப இவர் உயிரோடையோ இருக்கிறார்?” எண்டு கேட்டன்.

அவர் கதிரையிலை இருந்தார். மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கினது. “காணாமல் போனவன்,” எண்டார்.

காணாமல் போனவன். கையிலை எடுத்த மாலையைத் திரும்பக் கீழை போட்டிட்டன். ஏனெண்டு சொல்ல வேணும். என்ரை தம்பியும் அப்பிடித்தான். கடைசிச் சண்டைக்கை தண்ணி அள்ளிக்கொண்டு வாறன் எண்டு கானோடை போனவன், வரேல்லை. செத்ததைக் கண்டவை ஒருத்தரும் இல்லை. கிளிநொச்சியிலை அம்மா அவன்ரை படத்துக்கு இண்டைக்கும் பூ வைக்க விடுறேல்லை. ஒருக்கால் எங்கடை சித்தப்பா, அவனுக்கு ஒரு திவசத்தைக் குடுத்துவிடுங்கோ, ஆத்மா அலையும் எண்டு சொல்லப்போக, நான் போனிலை அந்த மனுசனைக் கிழிகிழியெண்டு கிழிச்சிட்டு அதோடை கதைக்கிறதையே விட்டனான். அப்பிடிப்பட்ட நான், இன்னொரு வீட்டுக் காணாமல் போன பிள்ளைக்கு மாலை போட்டு இலை போட்டிருக்கிறன்! எனக்கு என்னையே அடிக்க வேணும்போலை கிடந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” எண்டு அழுதுகொண்டு நிண்டன். “எங்கடை வீட்டிலையும் ஒருத்தன் இருக்கிறான். நான் செய்திருக்கக் கூடாது.”

அப்பதான் அவர் அதைச் சொன்னார். என்ரை அழுகையைப் பாத்துச் சொன்னாரோ, வியாழக்கிழமை வரப்போகுது எண்ட பயத்திலை சொன்னாரோ தெரியாது.

“அழாதை. நீ செய்தது சரி. அவன் செத்துத்தான் போனான். எனக்குத் தெரியும்.”

ஒரு வாகனம் எரிஞ்சு கிடந்ததாம். அதிலை ரெண்டு பெடியள் போனவை. இவரையும் இன்னும் ரெண்டு பேரையும் பொறுக்க அனுப்பினவை. எரிஞ்சதுகளுக்கை என்ன கிடைச்சுதோ அதுகளை ஒரு பையிலை போட்டினம். கிடைச்ச தகடு ஒண்டே ஒண்டு. பையைக் கட்டேக்கை இவர் அடியிலை கிடந்த சப்பாத்துகளைக் கண்டார். ரெண்டு சப்பாத்து. ரெண்டும் இடக்கால் சப்பாத்து.

“ரெண்டும் இடக்கால்,” எண்டு திருப்பிச் சொல்லி, தன்ரை இடக்காலைக் கையாலை தட்டிக் காட்டினார்.

ரெண்டு இடக்கால் எண்டால் ரெண்டு பேர். தன்ரை மேலாள் சார்ஜனிட்டைச் சொன்னாராம். கிட்டக் கிட்டச் செல் விழுந்துகொண்டிருக்குது, லொறி வெளிக்கிட நிக்குது. சார்ஜன் சொன்னானாம், ஒரு தகடு, ஒரு பை, ஒரு ஆள், கையெழுத்தை வை எண்டு. இவர் வைச்சிட்டார். பை ஒரு பெடியன்ரை பேரிலை ஊருக்குப் போட்டுது, கல்லறையும் கட்டிப்போட்டினம். மற்றவன் காணாமல் போனவன் எண்டு பதிஞ்சிட்டினம். பிறகு விசாரிக்க வந்தவையிட்டையும், பையிலை ஒரு ஆள்தான் எண்டு இவர் சாதிச்சிட்டார். கையெழுத்து இவரின்ரையெல்லோ! பயம். அப்ப, மற்றவன் குதிச்சு ஓடியிருப்பான், ஆரும் பிடிச்சுக்கொண்டு போயிருப்பினம் எண்டு அவன்ரை வீட்டுக்காரர் நம்பினவை.

அந்தக் காணாமல் போன பெடியனுக்கு ஒரு அக்கா. அவதான் அந்தப் படத்தை அனுப்பினவ. தம்பியோடை நிண்ட ஆக்கள், அந்த வாகனத்திலை பொறுக்கப் போன ஆக்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கார்ட் போடுவவாம். ஏதாவது ஞாபகம் வந்தால் சொல்லுங்கோ எண்டு கீழை தன்ரை போன் நம்பரும் எழுதி. இந்த மனுசன் அந்த நாளிலை விரதமிருந்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு எழுதினது என்ன தெரியுமோ? “எனக்கு ஒண்டும் தெரியாது. மன்னிக்கவும்.” அம்பது வருசமா.

கோயில் ஐயர் எண்டு நினைச்ச ஆள்! பேர் எழுதி அம்மாவிட்டை அனுப்பிற ஆள் எண்டு நான் கையெடுத்துக் கும்பிட்ட ஆள்! “அட பாவி!” எண்டு தமிழிலை கத்தினன். “உன்னை மாதிரி ஒருத்தன்தானடா எங்கடை தம்பியைப் பற்றித் தெரிஞ்சுகொண்டு எங்கையோ வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறான்!” அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. விளங்கவும் தேவையில்லை. கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு இறங்கிட்டன்.

எங்கை போறன் எண்டு தெரியாமல் பல்லரோவுக்கை நடந்தன். மீன்காரன் கூவிறான், ஆரோ அக்கா எண்டு கூப்பிடுகினம், காதிலை ஏறேல்லை. இனி அந்த வீட்டு வாசல் மிதிக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணினன். ஒரு இடத்திலை கால் வழுக்கிச்சுது. ஆரின்ரையோ மேசையைப் பிடிச்சு நிண்டுகொண்டு செருப்பைத் தூக்கிப் பாத்தன். அடி முழுக்க நல்லெண்ணை.

ஐயோ, விளக்கு! அவர் தட்டிவிட்ட விளக்கின்ரை எண்ணை முழுக்க அந்த வழுவழு நிலத்திலை கிடக்குது. கைத்தடியோடை நடக்கிற மனுசன். சுத்திவரக் கண்ணாடித் துண்டு. மூண்டு நாளிலை ஒப்பரேசன். நான் ஆளைத் தனிய விட்டிட்டு வந்து மீன் சந்தையுக்கை நிக்கிறன்.

உங்களுக்குச் சொல்ல எண்டு ஒண்டு என்னட்டை இருக்குதெண்டால் அது இதுதான். அந்த வீட்டிலை ஆர் நல்லவர், ஆர் கெட்டவர் எண்டு தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனால் முதல்லை நிலத்தைத் துடையுங்கோ. துடைச்சுப்போட்டுத் திட்டுங்கோ.

இந்த முதுகோடை நான் அப்பிடி ஓடினது அதுதான் கடைசி. கதவைத் திறந்தால் ஆள் நிலத்திலை. விழுந்துதான் இருந்தவர், ஆனால் முறிவு ஒண்டும் இல்லை, கடவுள் காப்பாத்தினார். சுவரோடை சாய்ஞ்சு இருந்துகொண்டு, நான் படைச்ச சோத்தை ஒவ்வொரு பருக்கையாப் பொறுக்கித் தன்ரை உள்ளங்கையிலை சேத்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் துண்டைத் தனியா வைச்சிருந்தார், சோத்தைத் தனியா. அந்தக் கைக்கு அந்த வேலை அவ்வளவு பழக்கம்.

நான் எண்ணையைத் துடைச்சன். பிறகு அவரைத் தூக்கி இருத்தினன். “உன்ரை வீட்டிலை ஆர்?” எண்டு கேட்டார். தம்பி எண்டன். தண்ணிக் கானோடை போன கதையைச் சொன்னன். கேட்டு முடிச்சிட்டு, “அவவுக்கு உண்மையை எழுதுறன்,” எண்டார்.

“எழுதினது காணும்,” எண்டன். “அம்பது வருசம் எழுதினியள். வாயாலை சொல்லுங்கோ. வியாழக்கிழமை வரைக்கும்தான் வாய் இருக்கு.”

கொடுமையான கதைதான். சொன்னன்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் போன் எடுத்து, அப்பா அந்த அக்காவோடை கதைக்கப் போறார் எண்டு சொன்னன். ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவவுக்கும் தேப்பன்ரை இந்தக் கதை அண்டைக்குத்தான் தெரியும். முழுக்கக் கேட்டு முடிச்சா. பிறகு சொன்னா, “கூடாது. ஒப்பரேசனுக்கு முதல் அப்பாவுக்குப் பிரசர் ஏறினால் ஆர் பொறுப்பு? அந்த மனுசிக்கு எண்பது வயசு, இதைக் கேட்டு அவவுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? நீ உன்ரை வேலையைப் பார். மீறினால் வேலை இல்லை.” அவ சொன்னதிலை ஒரு நியாயமும் இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன். அடுத்த மாசம் எனக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்கிற தவணை. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அந்த வாசல்லை போய் நிண்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவருக்குச் சாப்பாடு குடுத்து, பிரசர் பாத்தன். வழமையிலும் குறைவு. பிறகு ஒரு கேள்வி கேட்டன். அந்தப் பன்ரண்டு வருசத்திலை நான் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன். “சிஞ்ஞோரே, இதை நீங்கள் விரும்பிறியளோ, இல்லை எனக்காகச் செய்யிறியளோ? எனக்காக எண்டால் வேண்டாம். என்ரை கோவம் என்ரை தம்பியாலை வந்த கோவம்.”

அவர் யோசிச்சார். “நான் அப்ப சார்ஜனுக்காகக் கையெழுத்து வைச்சனான்,” எண்டார். “இது எனக்காக. நம்பரை நீ அழுத்து.”

அழுத்தினன். அதோடை அந்த வேலை போட்டுது. ரெண்டு கிழமையாலை மகளிட்டையிருந்து மெசேஜ் வந்தது. அதைப் பற்றி நான் முறைப்பட மாட்டன், சொல்லிப்போட்டுத்தானே செய்தனான். வேறை வீடு கிடைக்கும்வரை பட்ட பாடு எனக்கும் முருகனுக்கும் தெரியும். அவர் ஒப்பரேசன் முடிஞ்சு ஒண்டரை வருசம் இருந்தவராம், பிறகு கேள்விப்பட்டன்.

போன் எடுத்த கதைக்கு வாறன். எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, அங்கை அமெரிக்காவிலை காலமை. மூண்டு தரம் மணி அடிக்க அந்தப் பெடியன்ரை அக்கா எடுத்தா. போன் ஸ்பீக்கரிலை. என்ரை இங்கிலீசு பள்ளிக்கூட இங்கிலீசு, ஆனால் அண்டைக்கு அவை கதைச்சதெல்லாம் சின்னச் சின்னச் சொல்லு, எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. இவர் தன்ரை பேரைச் சொன்ன உடனை அந்த மனுசி சந்தோசப்பட்ட சந்தோசம்! “ஓ, நீங்களோ! கார்ட் கிடைச்சுதோ? ஏதும் ஞாபகம் வந்திட்டுதோ?” அந்தக் குரலைக் கேட்டு நான் ஏங்கிப்போனன். எங்கடை அம்மா, வீட்டுக்குப் புது ஆள் ஆர் வந்தாலும் இப்பிடித்தான் கேக்கிறவ. போனைப் பறிச்சு நிப்பாட்டிவிடுவமோ எண்டு ஒரு கணம் கை போனது.

அவர் சொன்னார். வாகனம், பை, தகடு, சப்பாத்து. ரெண்டும் இடக்கால். சார்ஜனிலை பழியைப் போடேல்லை, நான் கையெழுத்து வைச்சன் எண்டுதான் சொன்னார். மன்னிப்புக் கேக்கேல்லை, கேக்கிறதுக்கு அவருக்கு வாய் வரேல்லை.

அங்காலை ஒரு கதிரை இழுபடுற சத்தம் கேட்டுது.

“அவனுக்கு நொந்ததோ?” எண்டு கேட்டா.

“தெரியாது,” எண்டார். “நான் போகேக்கை எல்லாம் முடிஞ்சுது.” பொய் சொல்லி ஆறுதல் படுத்தியிருக்கலாம். சொல்லேல்லை.

எந்தக் கல்லறை, ஆற்றை பேரிலை, எந்த ஊர் எண்டு கேட்டா. சொன்னார். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்லி எழுதினா. எழுதிப்போட்டு, “முழுக்கத் திருப்பிச் சொல்லுங்கோ,” எண்டா. திருப்பிச் சொன்னார். “இன்னொருக்கால்.” மூண்டாம் தரம் சப்பாத்துக் கிட்ட வரேக்கை குரல் போட்டுது. வாய் அசையுது, காத்து மட்டும் வருது. வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கேல்லை அந்தக் குரல்.

நான் போனை எடுத்தன். நான் இவரைப் பாக்கிற ஆள், இவருக்குச் சரியான வருத்தம், நாளைக்கு ஒப்பரேசன், இனி ஏலாது எண்டு சொன்னன். ஓம் எண்டா. அதோடை வைச்சிருக்க வேணும். நான் வைக்கேல்லை. என்ரை வாய் என்னைக் கேளாமல் கேட்டிட்டுது.

“அக்கா, எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். காணேல்லை. எனக்குச் சொல்லுங்கோ. தெரிஞ்சது நல்லதோ, தெரியாமல் இருந்தது நல்லதோ?”

எழுதின கடதாசியை மடிக்கிற சத்தம் கேட்டுது. பிறகு சொன்னா:

“இண்டைக்குக் காலமை நான் நித்திரையாலை எழும்பேக்கை எனக்கு ஒரு தம்பி இருந்தவன்.”

அவ போனை வைக்கேல்லை, நானும் வைக்கேல்லை. அவருக்குச் சூப் குடுக்கிற நேரம் வரும்வரைக்கும் ரெண்டு பேரும் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருந்தம்.